அக்கம்பக்கம் ஒப்புக்கொண்டால்தான் பிரபு: போலந்தின் ஷ்லாஹ்தா வர்க்கம் வாழ்ந்த முறையும் நம்பிய கொள்கையும்

இங்கிலாந்தில் யாருக்கு எந்தக் குலச்சின்னம் உரியது என்று பதிவு செய்ய 1484-லேயே ஓர் அலுவலகம் வந்துவிட்டது. பிரான்சில் பதினான்காம் லூயி 1660-களில் அதிகாரிகளை மாகாணம் மாகாணமாக அனுப்பினார். பத்திரம் காட்ட முடியாத "பிரபுக்கள்" பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு வரி கட்ட வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் பிரபுக்கள் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்றான போலந்து-லித்துவேனியாவில் அப்படியொரு அலுவலகமோ அதிகாரபூர்வப் பதிவேடோ நாடு துண்டாடப்படும் வரை இருந்ததில்லை.

அங்கே பிரபு வர்க்கத்துக்கு ஷ்லாஹ்தா என்று பெயர். மக்கள்தொகையில் 8 முதல் 10 விழுக்காடு வரை அவர்கள் இருந்ததாகக் கணிக்கிறார்கள். பிரான்சில் இந்த விகிதம் 1 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. வார்சாவைச் சுற்றியுள்ள மசோவியா பகுதியில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஷ்லாஹ்தா. அவர்களில் பெரும்பாலோர் சொந்தக் கையால் ஏர் பிடித்தவர்கள். பக்கத்து வயலில் உழுத பண்ணையடிமையையும் அவர்களையும் பார்வையில் பிரித்துக் காட்டியது இடுப்பில் தொங்கிய வாள் ஒன்றுதான்.

இவ்வளவு பேரை யார் எதை வைத்துப் பிரபு என்று ஏற்றார்கள்? அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் ஏற்றார்கள், அவ்வளவுதான். ஒருவருடைய தகுதி மற்றவர்களின் ஒப்புதலில் நின்றது. இதை மனதில் வைத்துக்கொண்டால் அந்த வர்க்கத்தின் உடை, பேச்சு, விருந்து, சவ ஊர்வலம், நாடாளுமன்றத்தையே முடக்கிய ஒற்றை ஆள் மறுப்பு என வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விசித்திரமாகத் தெரியும் பலவும் ஒரே ஒழுங்கில் வந்து அமரும். எல்லாமே "நான் உங்களில் ஒருவன், உங்களுக்குச் சமமானவன்" என்று மற்றவர்கள் கண்முன் நிறுவும் ஏற்பாடுகள்.

உரிமைகள் சேர்ந்த வழி

அரசனுக்குத் தேவை வந்தபோதெல்லாம் ஷ்லாஹ்தா விலை கேட்டது. 1374-இல் ஹங்கேரியையும் போலந்தையும் சேர்த்து ஆண்ட லூயி மன்னருக்கு ஆண் வாரிசு இல்லை. மகளை அரியணை ஏற்ற ஒப்புதல் வேண்டியிருந்தது. கோஷிட்சே நகரில் அவர் கொடுத்த சாசனம் பிரபுக்களின் நிலவரியை ஒரு வான் நிலத்துக்கு 2 குரோஷ் நாணயமாகக் குறைத்தது. வான் என்பது இடத்துக்கு இடம் மாறும் அளவு. சுமார் 17 முதல் 25 ஹெக்டேர் என்று கொள்ளலாம். 1430-இலும் 1433-இலும் யகியெல்லோ மன்னர், தம் மகனின் வாரிசுரிமைக்காக, நீதிமன்றத் தீர்ப்பின்றி நிலமுள்ள எந்தப் பிரபுவையும் சிறைப்படுத்துவதில்லை என்று உறுதியளித்தார். கொலை, கொள்ளை, தீவைப்பு போன்றவற்றில் கையும் களவுமாகப் பிடிபட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. இங்கிலாந்தின் ஆட்கொணர்வுச் சட்டம் 1679-இல்தான் வந்தது. 1454-இல் போருக்குக் கிளம்பவிருந்த மன்னரிடமிருந்து இன்னொன்றைப் பெற்றார்கள்: வட்டாரச் சபைகள் சம்மதிக்காமல் புதுச் சட்டம் கிடையாது, படைத்திரட்டலும் கிடையாது. 1505-இல் ரதோம் நகரில் கூடிய பேரவை, அதாவது நாடாளுமன்றம், இதை நாடு முழுமைக்கும் ஆக்கியது. செனட்டும் வட்டாரப் பிரதிநிதிகளும் ஒப்பாமல் அரசர் புதிதாக எதையும் ஆணையிட முடியாது என்றாயிற்று.

இந்தப் பட்டியலை மட்டும் படிக்கும் எவரும் இதைச் சுதந்திரத்தின் வரலாறு என்றே நினைப்பார். அதே ஆண்டுகளின் வேறு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1496-இல் பியோத்ர்கூவ் பேரவை நகர வணிகர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்தது. ஒரு கிராமத்திலிருந்து ஆண்டுக்கு ஓர் உழவர்தான் வெளியேறலாம் என்று கட்டியது. பிரபு தன் நிலத்தில் விளைந்ததை விற்றால் சுங்கம் கிடையாது என்றும் சொன்னது. 1518-இல் அரசர், தனியார் பண்ணை உழவர்கள் தம் எஜமானர் மீது தொடுக்கும் வழக்குகளை அரச நீதிமன்றம் ஏற்காது என்று ஒதுங்கிக்கொண்டார். 1520-இல் வாரத்துக்குக் குறைந்தது ஒரு நாள் கூலியில்லா உழைப்பு கட்டாயமானது. பேரவையில் சட்டம் இயற்றியவர்கள் பிரபுக்கள் மட்டுமே. தமக்கு விடுதலையும் பிறருக்குத் தளையும் ஒரே கையால் எழுதினார்கள். பிந்தையது முந்தையதற்குப் பணம் கொடுத்தது.

சர்மாத்தியர் வம்சம் என்ற நம்பிக்கை

உழவரும் பிரபுவும் ஒரே மொழி பேசி, ஒரே கோயிலில் வழிபட்டு, பல ஊர்களில் ஒரே மாதிரி வீட்டில் வசித்தார்கள். அப்படியிருக்க ஒருவர் ஆள்வதும் மற்றவர் அடங்குவதும் எதனால் என்று ஒரு விளக்கம் தேவைப்பட்டது. பண்டைய புவியியலாளர் தாலமி கிழக்கு ஐரோப்பாவை "சர்மாத்தியா" என்று குறித்திருந்தார். கருங்கடலுக்கு வடக்கே குதிரை மேல் வாழ்ந்த சர்மாத்தியர் உண்மையில் ஈரானிய மொழி பேசிய நாடோடிகள். 15, 16ஆம் நூற்றாண்டுப் போலந்து வரலாற்றாசிரியர்கள் அவர்களைத் தம் முன்னோராக வரித்துக்கொண்டார்கள். க்ராக்கூவ் மருத்துவரும் பேராசிரியருமான மச்சேய் மியெஹோவிதா 1517-இல் எழுதிய சர்மாத்தியா பற்றிய நூல் ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது.

முதலில் இந்த வம்சக் கதை நாட்டு மக்கள் எல்லாரையும் அணைத்தது. பின்னர் சுருங்கியது. வென்று வந்த வீரர்களான சர்மாத்தியரின் வழித்தோன்றல்கள் ஷ்லாஹ்தா மட்டுமே, உழவர்களோ வெல்லப்பட்ட உள்ளூர் மக்களின் பிள்ளைகள் என்றானது. இதனோடு விவிலியக் கதையும் சேர்ந்தது: பிரபுக்கள் நோவாவின் மகன் யாப்பேத்தின் வழி, உழவர்கள் சபிக்கப்பட்ட காமின் வழி. "காம்" என்ற அந்தப் பெயர் இன்றும் போலிஷ் மொழியில் பண்பற்றவரைத் திட்டும் சொல்லாக இருக்கிறது.

இந்தக் கதைக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. லித்துவேனியர், ருத்தேனியர் (இன்றைய உக்ரைனியர், பெலாரூஸியரின் முன்னோர்), போலந்தியர், பிரஷ்ய ஜெர்மானியர் என்று மொழியாலும் மதத்தாலும் பிரிந்து கிடந்த பிரபுக்களை ஒரே "இனமாக" அது கட்டியது. 1569-இல் லூப்ளின் ஒப்பந்தம் இரு நாடுகளையும் ஒரே குடியரசாக இணைத்தபோது, அந்த இணைப்புக்கு உயிர் கொடுத்தது இந்தப் பொதுப் பெருமைதான். குலச்சின்ன முறையும் அதற்கு உதவியது. மேற்கு ஐரோப்பாவில் ஒரு குடும்பத்துக்கு ஒரு சின்னம். போலந்தில் இரத்த உறவே இல்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நவென்ச், லெலீவா, யஸ்த்ஷெம்பியெட்ஸ் போன்ற ஒரே சின்னத்தைப் பகிர்ந்தன. 1413-இல் ஹொரோத்வோவில் 47 போலந்துக் குலங்கள் 47 லித்துவேனியப் பிரபுக் குடும்பங்களைத் தம் சின்னத்துக்குள் தத்தெடுத்துக்கொண்டதில் இந்த முறையின் அரசியல் பயன் பளிச்சென்று தெரியும்.

பிரபு என்று நிரூபிப்பது எப்படி, ஏமாற்றுவது எப்படி

பதிவேடு இல்லாத இடத்தில் சந்தேகம் எழுந்தால் என்ன நடந்தது? ஒருவரை "இவர் பிரபு இல்லை" என்று இன்னொருவர் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். குற்றம்சாட்டப்பட்டவர் வழக்கமாக ஆறு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். தந்தை வழியில் இருவர், மற்றவர்கள் தாய் வழியிலும் பாட்டி வழியிலும். எல்லாரும் ஐயமில்லாத பிரபுக்களாக இருக்க வேண்டும். "இவர் எங்கள் சின்னத்தவர், எங்கள் இரத்தம்" என்று அவர்கள் சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது. தீர்ப்பு ஏட்டில் ஏறும்.

ஓட்டையும் அங்கேதான் இருந்தது. உள்ளே நுழைய விரும்பிய ஒருவர் தெரிந்தவரிடம் பேசிவைத்துத் தம்மீதே குற்றம்சாட்டச் சொல்வார். கைக்காசு வாங்கிய சாட்சிகள் வந்து சத்தியம் செய்வார்கள். வழக்கு "வெற்றி" பெறும். அதுவரை இல்லாத பத்திரம், நீதிமன்ற முத்திரையோடு கையில் வந்துவிடும்.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் க்ராக்கூவ் வட்டாரப் பிரபு வலேரியன் நெகாந்தா த்ரெப்கா இப்படி நுழைந்தவர்களைப் பிடிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். சந்தைகளிலும் சத்திரங்களிலும் காது கொடுத்துக் கேட்டு, நீதிமன்ற ஏடுகளைப் புரட்டி, 2,000-க்கும் மேற்பட்ட பெயர்களைக் கையெழுத்துப் படியில் தொகுத்தார். அவர் காட்டும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். உழவர் மகன் ஊரைவிட்டு ஓடி வேறு மாகாணம் போவான். எழுத்துக் கற்று ஒரு மாளிகையில் எழுத்தராகவோ பணியாளாகவோ சேர்வான். பெயரின் கடைசியில் "ஸ்கி" ஒட்டிக்கொள்வான். வாள் கட்டுவான். பிரபு வீட்டு விதவையையோ வரதட்சணை இல்லாத பெண்ணையோ மணப்பான். அடுத்த தலைமுறைக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தத் தொகுப்பில் வெறுப்பும் வதந்தியும் நிறையவே இருக்கின்றன. ஒவ்வொரு வரியையும் நம்ப முடியாது. ஆனால் இரத்தத்தால் வந்தது என்று சத்தியம் செய்யப்பட்ட ஒரு தகுதிக்குள் நடை, உடை, பேச்சு ஆகியவற்றாலேயே நுழைய முடிந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

முறைப்படி பிரபுப் பட்டம் பெறும் வழியைச் சட்டம் நாளுக்கு நாள் இறுக்கியது. 1578 முதல் அரசர் பேரவையின் ஒப்புதலோடுதான் புதியவர்களை உயர்த்த முடியும். போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1669-க்குப் பிறகு புதிதாக உயர்த்தப்பட்டவரின் குடும்பம் மூன்றாம் தலைமுறையில்தான் பதவி வகிக்கலாம். நகரத்தில் கடை வைத்தாலோ கைத்தொழில் செய்தாலோ பிரபுத்துவம் போய்விடும் என்று 1633-இலும் 1677-இலும் சட்டங்கள் வந்தன. இந்தத் தடை 1775 வரை நீடித்தது. தன் பண்ணைத் தானியத்தைப் படகில் ஏற்றி விற்பது மட்டும் வணிகமாகக் கருதப்படவில்லை.

"ஐயா, சகோதரரே!"

பிரபுக்கள் ஒருவரையொருவர் "பானிய பிராச்சே", அதாவது "ஐயா, சகோதரரே" என்று விளித்தார்கள். பத்தாயிரம் உழவர்களை ஆண்ட, லித்துவேனியப் பெருங்குடும்பமான ராட்ஜிவிவைச் சேர்ந்தவரும் ஒரு கொட்டிலும் ஒரு மாடும் வைத்திருந்த மசோவியாக்காரரும் சட்டத்தின் முன் ஒன்றுதான். "கொல்லைப்புறத்துப் பிரபுவும் மாகாண ஆளுநருக்குச் சமம்" என்பது அவர்கள் பழமொழி. கோமகன், சீமான் போன்ற பட்டங்களை வெறுத்தார்கள். லூப்ளின் ஒப்பந்தத்தில் ஏற்கப்பட்ட லித்துவேனிய, ருத்தேனிய இளவரசர் குடும்பங்களைத் தவிர வேறெவரும் பட்டம் சூட்டிக்கொள்ளக் கூடாது என்று 1638-இல் பேரவை தடுத்தது. பதவிகள்தான் மதிப்பின் அளவுகோல். அதனால்தான் வேலையே இல்லாத மாவட்டப் பதவிகள் பெருகின. "வாள் ஏந்துபவர்", "பானம் பரிமாறுபவர்", "வேட்டை அதிகாரி" என்று பெயர் மட்டும் இருக்கும், சம்பளம் இருக்காது. அந்தப் பெயரைச் சொல்லியே அவரை வாழ்நாள் முழுக்க விளிப்பார்கள்.

உடையும் இதே வேலையைச் செய்தது. உள்ளே ஜுபான் என்ற நீண்ட அங்கி. அதன் மேல் கொந்துஷ். அதன் கைகள் நீளவாக்கில் பிளந்திருக்கும். அவற்றைப் பின்னால் எறிந்து தோளில் போட்டால் ஆள் சண்டைக்கோ கொண்டாட்டத்துக்கோ தயார் என்று பொருள். பக்கவாட்டில் கழுகுத் தலைக் கைப்பிடி கொண்ட கராபெலா வாள். தலையைச் சுற்றிலும் மழித்து உச்சியில் மட்டும் முடி. இவற்றில் பெரும்பகுதி துருக்கி, பாரசீகம், ஹங்கேரி வழியாக வந்தவை. ஒட்டோமானியரோடு தலைமுறை தலைமுறையாகப் போரிட்டவர்களே அவர்களின் உடையை அணிந்தார்கள். 1683-இல் வியன்னாவில் நட்புப் படைகள் தம்மைத் துருக்கியர் என்று தவறாக எண்ணிவிடாதிருக்க, போலந்து வீரர்கள் வைக்கோல் பிரி கட்டிக்கொண்டதாகச் சொல்வார்கள்.

இந்த உடையின் மகுடம் இடைக்கச்சை. 3 முதல் 4 மீட்டருக்கு மேல் நீளம். பட்டோடு பொன், வெள்ளி இழைகள். முதலில் ஆர்மீனிய வணிகர்கள் இஸ்தான்புல்லிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கொண்டுவந்தார்கள். பிறகு ராட்ஜிவிவ் குடும்பம் இன்றைய பெலாரூஸில் உள்ள ஸ்லுட்ஸ்க் நகரில் தறிகள் அமைத்தது. இஸ்தான்புல்லிலிருந்து வந்த ஆர்மீனியர் யான் மஜார்ஸ்கி அந்தப் பட்டறையைப் பெயர்பெற வைத்தார். சிறந்த கச்சைகளில் இரண்டு பக்கமும் முகப்பு, பின்புறம் என்பதே கிடையாது. அதோடு ஒவ்வொரு பக்கமும் நீளவாக்கில் பாதிப் பாதியாக வேறு வேறு நிறம். ஆக ஒரே கச்சையில் நான்கு முகங்கள். நீளவாக்கில் இரண்டாக மடித்து, வேண்டிய முகத்தை வெளியே விட்டு, இடுப்பில் பலமுறை சுற்றி, பூவேலை செய்த இரு முனைகளும் முன்னால் தொங்கும்படி முடிவார்கள். பொன் முகம் விழாவுக்கு, கருமை இழவுக்கு. நெய்த இடத்தின் பெயரை மூலையில் பொறித்திருப்பார்கள். அந்த எழுத்து பார்ப்பவர் கண்ணில் படும்படி முடிச்சுப் போடுவதும் ஒரு கலையாக இருந்தது.

சவப்பெட்டியிலிருந்து பார்க்கும் முகம்

வாழ்நாள் முழுதும் பிறர் பார்வைக்காக வாழ்ந்தவர்கள் சாவிலும் அதை விடவில்லை. உலகில் வேறெங்கும் இவ்வளவு வளராத ஒரு கலை இங்கே பிறந்தது: சவப்பெட்டி ஓவியம். தகரம், செம்பு அல்லது ஈயக் கலவைத் தகட்டைப் பெட்டியின் தலைமாட்டுப் பலகையின் வடிவத்துக்கு அறுகோணமாகவோ எண்கோணமாகவோ வெட்டுவார்கள். அதில் எண்ணெய் வண்ணத்தில் இறந்தவரின் முகம். கண்கள் திறந்திருக்கும், நேரே பார்க்கும். முகத்தை அழகுபடுத்துவது வழக்கமில்லை. தொங்கிய கன்னம், மரு, அம்மைத் தழும்பு எல்லாம் அப்படியே இருக்கும். கோயிலில் பெட்டியைப் பலிபீடத்துக்கு முன் உயர்த்தி வைக்கும்போது, கூடியிருக்கும் உறவும் ஊரும் நேருக்கு நேர் அந்தக் கண்களைச் சந்திப்பார்கள். இன்னொரு முனையில் புகழுரைத் தகடு, பக்கவாட்டில் குலச்சின்னத் தகடுகள். அடக்கம் முடிந்ததும் ஓவியத்தைக் கழற்றிக் கோயில் சுவரில் மாட்டுவார்கள். போலந்தின் மியென்ஜிஷெச் நகர அருங்காட்சியகத்தில் இவற்றின் மிகப் பெரிய தொகுப்பு இருக்கிறது.

சடங்கு உடனே நடக்காது. உறவினரைக் கூட்டவும், உயரமான துக்க மேடை எழுப்பவும், மெழுகுத்திரி, கறுப்புத் துணி, பேச்சாளர், விருந்து ஆகியவற்றுக்குப் பணம் திரட்டவும் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆகும். பெரிய வீடுகளில் இறந்தவரின் உடையும் கவசமும் அணிந்த ஒருவர் குதிரையோடு கோயிலுக்குள் பாய்ந்து வந்து, ஈட்டியை முறித்து, பெட்டிக்கு முன்னால் தடாலென்று விழுவார். இறந்தவர் குலத்தின் கடைசி ஆண் என்றால் குலச்சின்னத்தையும் முத்திரையையும் அங்கேயே உடைப்பார்கள். இதற்காகக் கிராமங்களை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு. எளிமையாக அடக்கம் செய்யுங்கள் என்று உயில் எழுதியவர்களின் கடைசி ஆசையைப் பிள்ளைகள் மீறியதும் உண்டு. மீறாவிட்டால் இழப்பு உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத குடும்பத்தை அக்கம்பக்கம் மறந்துவிடும்.

ஓர் ஆள் "சம்மதமில்லை" என்றால்

இனி அரசியலுக்கு வருவோம். 1572-இல் யகியெல்லோ வம்சம் அற்றுப்போனதும், வரும் பிரபு ஒவ்வொருவரும் நேரில் வாக்களித்து அரசரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. 1573-இல் வார்சாவுக்கு அருகே சுமார் 40,000 பேர் திரண்டார்கள். பின்னாளில் வோலா என்ற இடத்துத் திடல் நிலையான தேர்தல் களம். நடுவே செனட்டர்களுக்கு ஒரு மரக்கொட்டகை. சுற்றிலும் அகழியும் மண்மேடும், மூன்று வாயில்கள்: பெரும்போலந்து, சிறுபோலந்து, லித்துவேனியா ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மாகாணவாரியாகக் குதிரை மேல் நின்று வாக்களித்தார்கள்.

முதல் தேர்வு பிரெஞ்சு இளவரசர் ஆன்ரி. அவர் நாட்டில் அதற்கு முந்தைய ஆண்டுதான் புனித பர்த்தலோமியு நாளில் புராட்டஸ்டண்டுகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தார்கள். அதனால் 1573 ஜனவரி 28-இல் வார்சாவில் கூடிய பிரபுக்கள், மத வேறுபாட்டுக்காக ஒருவரையொருவர் இரத்தம் சிந்துவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்த நூற்றாண்டின் ஐரோப்பாவில் இது பெரிய காரியம். இதை நான் மனதாரப் போற்றுகிறேன். புதிய அரசர் ஏற்க வேண்டிய நிபந்தனைகளும் எழுதப்பட்டன: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆறு வாரப் பேரவை, உயிரோடிருக்கும்போது வாரிசை அறிவிக்கத் தடை, பேரவை ஒப்பாமல் போரும் வரியும் இல்லை. வாக்கு மீறினால் குடிகள் கீழ்ப்படிய வேண்டியதில்லை. ஆன்ரி 1574 ஜூனில், அண்ணன் இறந்த செய்தி கேட்டு, இரவோடிரவாக க்ராக்கூவிலிருந்து ஓடிப்போனார். நிபந்தனைகள் மட்டும் அடுத்த ஒவ்வொரு அரசருக்கும் நின்றன.

பேரவை நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அது ஏன் முறிந்தது என்று புரியும். முதலில் வட்டாரச் சபைகள் கூடும், பெரும்பாலும் கோயிலுக்குள். அரசரின் தூதர் செய்தி வாசிப்பார். சபை பிரதிநிதிகளைத் தேர்ந்து, எதற்கு ஒப்பலாம், எதற்கு ஒப்பக் கூடாது என்று எழுத்தில் கட்டளை கொடுக்கும். பேரவையில் பிரதிநிதிகள் தலைவரைத் தேர்ந்து, தேர்வுச் சிக்கல்களைத் தீர்த்து, அரசரின் கையை முத்தமிட்டு விவாதம் தொடங்குவார்கள். எல்லாச் சட்டங்களும் ஒரே கட்டாகக் கடைசியில்தான் முடிவாகும். ஆறு வாரத்துக்கு மேல் நீட்ட அனைவரின் சம்மதமும் வேண்டும். ஆகவே ஒருவர் மறுத்தால் அந்த ஒரு சட்டத்தோடு போகாது. அதுவரை ஒப்பிய படைச் சம்பளம், வரி, எல்லாமே சேர்ந்து விழும்.

1652 மார்ச்சில் உபிதா பகுதிப் பிரதிநிதி விவாதிஸ்வாவ் ஷிச்சின்ஸ்கி, பேரவையை நீட்ட மறுத்துவிட்டு வெளியேறினார். அவர் யானுஷ் ராட்ஜிவிவ் என்ற மாபெரும் நிலக்கிழாரின் ஆள் என்று பரவலாகக் கருதப்படுகிறது. பேரவைத் தலைவர் ஃப்ரெத்ரோ அந்த மறுப்பைச் சட்டப்படி செல்லும் என்று ஏற்றார். கெட்ட முன்மாதிரி அந்த ஏற்பில்தான் பிறந்தது. 1669-இல் ஆதாம் ஒலிஸார் என்பவர் கெடு முடியும் முன்பே பேரவையை முறித்தார். 1688-இல் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே முறிந்தது. மூன்றாம் அகஸ்டஸ் ஆண்ட முப்பது ஆண்டுகளில் 1736-இல் கூடிய ஒரே பேரவைதான் சட்டங்களோடு முடிந்தது.

ஒருமித்த சம்மதம் என்ற கொள்கையை முட்டாள்தனம் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் தவறு. எல்லாரும் சமம் என்றால் பெரும்பான்மை சிறுபான்மையை அடக்குவதும் ஒருவகை ஆதிக்கம்தானே என்று அவர்கள் கேட்டார்கள். அரசர் பணத்தால் பலரை வாங்கலாம், கடைசி ஒரு நேர்மையாளரை வாங்க முடியாது என்பது ஃப்ரெத்ரோவின் வாதம். 16ஆம் நூற்றாண்டில் இது வேலையும் செய்தது. எதிர்ப்பவரோடு நாள்கணக்கில் பேசி, சொற்களை மாற்றி, அவரை வழிக்குக் கொண்டுவந்தார்கள். கெட்டது எங்கே? பிரதிநிதி இன்னொருவர் வீட்டுச் சோற்றை உண்பவராக மாறியபோது.

1650-களின் சுவீடியப் படையெடுப்பும் உக்ரைனின் கசாக் வீரர்களோடு நடந்த போர்களும் நடுத்தரப் பிரபுக்களை நொடிக்க வைத்தன. மகன்கள் அனைவருக்கும் சமமாகப் பாகம் பிரிக்கும் வழக்கம் நிலத்தைத் துண்டாக்கியது. மிகப் பெரிய குடும்பங்கள் மட்டும் பேரவை அனுமதியோடு பிரிக்க முடியாத சொத்தாக்கிக்கொண்டன. ராட்ஜிவிவ்கள் நியெஸ்வியேஷில் 1586-இல், யான் ஸமோய்ஸ்கி ஸமோஷ்சில் 1589-இல். நிலமிழந்த சகோதரர்கள் அவர்களிடம் காரியதரிசிகளாக, குதிரைவீரர்களாக, குத்தகைதாரர்களாகச் சேர்ந்தார்கள். வட்டாரச் சபைக்கு வண்டி வண்டியாக வந்து, எஜமானரின் ஹங்கேரிய மதுவைக் குடித்து, அவர் சொன்னவருக்குக் கை தூக்கினார்கள். "சகோதரரே" என்ற விளிப்பு மாறவில்லை. சமம் என்ற சொல், மேலே இருப்பவரின் அதிகாரத்தை மறைக்கும் திரையாயிற்று. தீர்ப்பை நிறைவேற்றக் காவல் துறை இல்லாததால், வாழ்நாள் முழுதும் நாடுகடத்தல் தீர்ப்புகளைச் சேர்த்துக்கொண்டே திரிந்த சாமுவெல் வாஷ்ச் போன்ற கொள்ளைக்காரப் பிரபு, படைத்தலைவர் கொனியெத்ஸ்போல்ஸ்கியின் நிழலில் பத்திரமாக இருந்தார். தம் அங்கிக்கு அந்தத் தீர்ப்புத் தாள்களையே உள்துணியாகத் தைத்துக்கொண்டார் என்று கதை உண்டு. கொனியெத்ஸ்போல்ஸ்கி 1646-இல் இறந்ததும்தான் வாஷ்ச்சைத் தொட முடிந்தது.

அண்டை நாடுகள் இதைக் கவனமாகப் பாதுகாத்தன. 1717-இல் படை 24,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. அதையும் முழுதாக நிரப்ப வருவாய் போதவில்லை. 1740-இல் பிரஷ்யாவிடம் சுமார் 80,000 வீரர்கள். போலந்தின் "சுதந்திரங்கள்" மாறாமல் காக்கப்பட வேண்டும் என்று ரஷ்யாவும் பிரஷ்யாவும் தமக்குள் ஒப்பந்தம் போட்டன. 1768-இல் இரண்டாம் கேத்தரீனின் அழுத்தத்தில் ஒற்றை மறுப்பும் அரசர் தேர்தலும் மாற்றமுடியாத சட்டங்களாயின.

தானியமும் கட்டாய உழைப்பும்

விருந்துக்கும் கச்சைக்கும் சவ ஊர்வலத்துக்கும் பணம் ஃபோல்வார்க் என்ற பண்ணையிலிருந்து வந்தது. உழவருக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்து, அதற்கு ஈடாக அவர் தன் மாட்டையும் ஏரையும் கொண்டு பண்ணையில் உழைக்க வேண்டும். ரை தானியமும் கோதுமையும் வசந்தத்தில் விஸ்துலா ஆற்றில் தட்டையான படகுகளில் க்டான்ஸ்க் துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து டச்சுக் கப்பல்கள் ஆம்ஸ்டர்டாமுக்கு எடுத்துச் செல்லும். 1618-இல் ஏற்றுமதி 1 லட்சம் வாஷ்ட்டைத் தாண்டியது. ஒரு வாஷ்ட் சுமார் 2 டன்.

அந்த உச்சத்தை அது திரும்பத் தொடவில்லை. விளைச்சல் விதைத்ததைப் போல நான்கு மடங்கு என்ற அளவில் நின்றது. நான்கில் ஒரு மூட்டை அடுத்த விதைக்கே போய்விடும். போருக்குப் பின் கால்நடை குறைந்தது, உரம் குறைந்தது, மேற்கில் விலை இறங்கியது. நிலத்தைச் சீர்திருத்தப் பணம் போடுவதற்குப் பதில் பிரபுக்கள் இலவசமாகக் கிடைத்ததைக் கூட்டினார்கள்: உழைப்பு நாள்கள். 16ஆம் நூற்றாண்டு முடிவில் ஒரு வான் நிலத்துக்கு வாரம் மூன்று நாள். 18ஆம் நூற்றாண்டில் சில இடங்களில் ஐந்து, ஆறு நாள். ஒருவர் பண்ணையில், ஒருவர் சொந்த நிலத்தில் என்று குடும்பமே பிரிந்து உழைத்தது. பசித்த மாடும் மனமில்லாத கையும் உழுத நிலம் மேலும் தேய்ந்தது. ஈடுகட்ட, எஜமானரின் மதுக்கடையில் மட்டுமே குடிக்க வேண்டும், இவ்வளவு வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. விற்க முடியாத தானியம் சாராயமாகி அதை விளைவித்தவருக்கே விற்கப்பட்டது. 1768 வரை பண்ணையடிமைக்கு மரண தண்டனை விதிக்கும் அதிகாரமும் பிரபுவிடம் இருந்தது. பொற்சுதந்திரம் என்று அவர்கள் அழைத்ததைப் பற்றி எழுதும் எவரும் இந்தப் பத்தியை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

மத உரிமையும் தேய்ந்தது. போலந்துச் சகோதரர்கள் என்ற ஒருமைக் கடவுள் கொள்கையினர் 1658-இல் வெளியேற்றப்பட்டார்கள். கத்தோலிக்கம் விட்டு மாறுவது 1668-இல் குற்றமானது. 1718-இல் கடைசிப் புராட்டஸ்டண்ட் பிரதிநிதியைப் பேரவையிலிருந்து அகற்றினார்கள்.

தாள் கேட்ட பேரரசுகள்

சீர்திருத்தம் உள்ளிருந்தே வந்தது. முறை மாறாமலே மறுப்பைத் தாண்ட ஒரு சட்ட வழி இருந்தது. பேரவையைக் "கூட்டமைப்பு" என்று அறிவித்துவிட்டால் பெரும்பான்மை வாக்கு போதும். 1788-இல் தொடங்கிய நான்காண்டுப் பேரவை அப்படித்தான் கூடியது. 1791 மார்ச்சில் நிலமற்ற பிரபுக்களின் வாக்குரிமையை நீக்கியது. பெரிய குடும்பங்களின் கூலிக்கூட்டத்தை உடைக்க அதைவிட நேரான வழி இல்லை. மே 3-ஆம் நாள் அரசமைப்பு ஒற்றை மறுப்பையும் அரசர் தேர்தலையும் ஒழித்தது. உழவரைப் "பாதுகாப்பில்" எடுப்பதாகச் சொன்னது, விடுவிக்கவில்லை. அடுத்த ஆண்டே சில பெருங்குடும்பத்தினர் பழைய சுதந்திரத்தைக் காக்க ரஷ்யப் படையை அழைத்தார்கள். 1772-இல் தொடங்கிய பிரிவினை 1793-இலும் 1795-இலும் முடிந்துபோனது.

நாட்டைப் பங்கிட்டுக்கொண்ட ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய புதிய ஆட்சியாளர்கள் மூவரும் பத்திரம் கேட்டார்கள். அக்கம்பக்கத்தின் ஒப்புதலில் முந்நூறு ஆண்டு வாழ்ந்தவர்களிடம் பெரும்பாலும் அது இல்லை. 1831 எழுச்சிக்குப் பிறகு ரஷ்யா மேற்கு மாகாணங்களில் நிரூபிக்க முடியாதவர்களைக் கிராமத்தில் சிறுநிலக் குடிகளாகவும் நகரத்தில் சாதாரணக் குடிகளாகவும் தாழ்த்தியது. லட்சக்கணக்கானோர் வரியும் கட்டாயப் படைச்சேவையும் உள்ளவர்களாக மாறினார்கள். பெருங்குடும்பங்களுக்குப் பத்திரம் இருந்தது. விழுந்தவர்கள் ஏர் பிடித்த ஏழைப் பிரபுக்கள். 1846-இல் ஆஸ்திரியாவின் கலீசியாவில் பிரபுக்கள் எழுச்சிக்கு அழைத்தபோது உழவர்கள் அவர்கள் மாளிகைகளையே தாக்கினார்கள். சுமார் ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். கட்டாய உழைப்பு கலீசியாவில் 1848-இலும் ரஷ்யப் போலந்தில் 1864-இலும் ஒழிந்தது. இரண்டிடத்திலும் அதை ஒழித்தது வெளியார் ஆணை. தம் கையால் செய்யும் வாய்ப்பு 1791-இல் ஷ்லாஹ்தாவுக்கு இருந்தது.

விடுதலை பெற்ற போலந்து 1921 மார்ச்சில் ஏற்ற அரசமைப்பின் 96ஆம் பிரிவு, குடியரசு பிறப்பு வழிச் சலுகைகளையும் குலச்சின்னங்களையும் பட்டங்களையும் ஏற்காது என்று முடித்துவைத்தது.